ஜோகன்னஸ்பர்க்கில் அமெரிக்கக் குடியேற்ற விசா நேர்காணல்: தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் எந்த மூலையில் குடியிருந்தாலும், அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேறுவதற்கான விசா நேர்காணல் ஜோகன்னஸ்பர்க்கில், சான்ட்டன் டிரைவில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில்தான் நடக்கும். டர்பனில் இருப்பவர் என்3 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 570 கிலோமீட்டர் வந்தாக வேண்டும். கேப் டவுன்காரருக்கு விமானம் தவிர வேறு வழி பெரும்பாலும் சரிப்படாது. இவ்வளவு தூரம் வந்து, வந்த காரியம் முடியாமல் திரும்பிப் போனவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களில் பலரிடம் காகிதம் ஒன்றும் குறையவில்லை. இருந்த காகிதங்கள்தாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

நான் வழக்கறிஞர் அல்லள். கும்பகோணத்தில் பிறந்து, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வேர்விட்ட குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு, இப்போது ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் இருப்பவள். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் நாத்தனார் தன் தாய்க்காக மனுச் செய்தபோது, படிவங்களை நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது. அது நல்லபடியாக முடிந்ததும் உறவினர், பக்கத்துத் தெருக்காரர், கோயிலில் பார்த்துப் பழகியவர் என்று ஒவ்வொருவராகக் கோப்போடு எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வரத் தொடங்கினார்கள். அந்த மேசையில் கற்றதையே இங்கே எழுதுகிறேன். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் அதிகாரி நம்மோடு பேசுவது சில நிமிடங்கள்தாம். நம்முடைய காகிதங்கள் அதற்கு முன்பே அவர் கைக்குப் போயிருக்கும். காகிதம் சொல்லும் கதையும் நம் வாய் சொல்லும் கதையும் ஒன்றுதானா என்று பார்ப்பதற்குத்தான் அவர் நம்மை அழைக்கிறார். நம்மவர்களின் காகிதங்கள் பெயரிலும் திருமணத்திலும் இடறுவது வழக்கமாதலால், அவ்விரண்டைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அழைப்பு வரும்வரை

அமெரிக்காவில் உள்ள உறவினர் தாக்கல் செய்யும் ஐ-130 மனு ஏற்கப்பட்டதும், கோப்பு அமெரிக்க வெளியுறவுத் துறையின் நேஷனல் விசா சென்டர் என்ற மையத்துக்குப் போகிறது. அங்கே ஜோகன்னஸ்பர்க்கைக் குறிக்கும் ஜே-எச்-என் என்ற மூன்றெழுத்தில் தொடங்கும் ஒரு வழக்கு எண் கிடைக்கும். குடும்ப வகை விசாவுக்கு ஆளுக்கு 325 டாலரும், வருபவரைப் பொருளுதவி செய்து ஆதரிப்பேன் என்று மனுதாரர் தரும் ஆதரவுப் பிரமாணத்துக்கு 120 டாலரும் இணையத்தில் கட்டிய பிறகு, குடியேற்ற விசா விண்ணப்பமான டிஎஸ்-260 படிவத்தை நிரப்பி, சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். எல்லாம் சரியாக இருக்கின்றன என்று மையம் ஒப்புக்கொண்ட பிறகே நேர்காணல் தேதி தரப்படும். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளை ஆகியோருக்காக அமெரிக்கக் குடிமகன் செய்யும் மனுவுக்கு, ஆண்டுக்கு இத்தனை விசாதான் என்ற வரம்பு கிடையாது. உடன்பிறந்தாருக்கான எஃப்4 வகைக்கோ உலகம் முழுவதற்கும் ஆண்டுக்கு 65,000 விசாக்கள்தாம் என்பதால், மனுப் போட்டவர் தலை நரைத்த பிறகே அழைப்பு வருகிறது.

இந்தியாவிலிருந்து இங்கே வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரிசையில் நம்முடைய இடத்தைத் தீர்மானிப்பது பிறந்த நாடுதான். கையில் உள்ள பாஸ்போர்ட் அல்ல. தென்னாப்பிரிக்கக் குடியுரிமை வாங்கி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தாலும், தஞ்சாவூரில் பிறந்தவர் இந்தியக் கணக்கில்தான் நிற்பார்; எஃப்4 வகையில் இந்திய வரிசை தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்களின் வரிசையைவிட நீளமானது. ஆனால் மனைவியோ கணவனோ தென்னாப்பிரிக்காவில் பிறந்தவராக இருந்து, இருவரும் ஒன்றாகக் குடியேறுவதானால், அவருடைய பிறந்த நாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்கலாம். இதை யாரும் தாமாக முன்வந்து சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

டிஎஸ்-260 படிவம் 16 வயது முதல் குடியிருந்த முகவரிகள் அனைத்தையும் கேட்கும். இளைஞர்களுக்கு இது பத்து நிமிட வேலை; என் மாமியாருக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. அவர் 16 வயதில் இருந்தது டர்பன் நகராட்சித் தொழிலாளர்களின் மேகசீன் பாரக்ஸ் குடியிருப்பு. அது இன்று இல்லை. அங்கிருந்து இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின்கீழ் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே தெருக்களுக்குப் பெயர் இல்லாமல் எண்கள்தாம் இருந்தன, பெயர்கள் பிற்பாடு வந்தன. இப்படிப்பட்ட நிலையில், இருந்த குடியிருப்பின் பெயரையும் ஊரையும் ஏறத்தாழச் சரியான ஆண்டுகளையும் எழுதினால் போதும். தெரியாத கதவு எண்ணைக் கற்பனை செய்து எழுதக் கூடாது. சமர்ப்பித்த பிறகு படிவத்தை நாமே திருத்த முடியாதென்பதால், அதன் நகலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிழை கண்ணில் பட்டால் அதில் சிவப்பு மையால் குறித்து வைத்து, நேர்காணலின் தொடக்கத்திலேயே அதிகாரியிடம் சொல்லிவிடலாம். நாமாகச் சொன்ன பிழை திருத்தமாகிவிடும். அவர் கண்டுபிடித்த பிழைக்கு நாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

பெயர்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்ததிலிருந்து, ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கியவர்களின் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டவர்கள் தமிழ் தெரியாத எழுத்தர்கள். வந்தவர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. தன் பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி ஆகியவைதாம் இருந்தன. பிற்காலத்தில் குடும்பப் பெயர் கட்டாயமானபோது, கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார்; சில வீடுகளில் தாத்தாவின் இயற்பெயரே பரம்பரைப் பெயராக நின்றுவிட்டது. ஒரே வீட்டில் அண்ணன் மூட்லி, தம்பி முதலி. அக்காவின் பிறப்புச் சான்றிதழிலோ தகப்பனாரின் பெயரான ஆறுமுகம் குடும்பப் பெயராக இருக்கும். ஊரில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. எஃப்4 கோப்பில் இதுவே முதல் கேள்வி: நீங்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?

ஆகவே, நேர்காணல் தேதிக்குக் காத்திராமல், மனுப் போட்டவுடனேயே பெயர் வேலையைத் தொடங்குங்கள். ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு, மேலே ஆவணங்களின் பெயர்களையும், இடப்பக்கம் குடும்பத்தினரையும் எழுதி, ஒவ்வோர் ஆவணத்திலும் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துப் பிசகாமல் நிரப்புங்கள். என் மாமியாருக்கு அப்படி எழுதிப் பார்த்தபோது, நான்கு ஆவணங்களில் அவர் மூன்று வெவ்வேறு பெண்மணிகளாக இருந்தார்: பிறப்புப் பதிவில் ‘முனியம்மா’, அடையாள அட்டையில் அதுவே இரண்டு எழுத்து குறைந்து, மகளின் பிறப்புச் சான்றிதழில் வீட்டில் அழைக்கும் ‘பேபி’. ‘பேபி’யை எழுதித் தந்தது யார் என்று கேட்டேன். “உன் மாமனார்தான். அவசரத்தில் வாயில் அதுதான் வந்திருக்கும்” என்றார்.

சரிசெய்ய வழிகள் இரண்டு. முதலாவது, ஹோம் அஃபேர்ஸ் எனப்படும் உள்துறை அலுவலகத்தில் திருத்தம் கேட்பது. இதுவே உறுதியான வழி, ஆனால் மாதக்கணக்கில் ஆகும். இரண்டாவது, மூலப் பதிவேட்டின் சான்றிட்ட நகலான வால்ட் காப்பியை வாங்கி, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியப் பிரமாணம் ஒன்றையும் சேர்ப்பது. பிரமாணத்துக்கு வழக்கறிஞரிடம் போய்ப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. காவல் நிலையத்தில் உள்ள அதிகாரியே கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் என்ற முறையில் இலவசமாகக் கையொப்பமிட்டு முத்திரை குத்தித் தருவார். அவர் முன்னிலையில்தான் நாம் கையெழுத்திட வேண்டும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிரமாணத்தில் ஒவ்வொரு பெயரையும் அது காணப்படும் ஆவணத்தோடும் அதன் எண்ணோடும் சேர்த்து எழுதுங்கள். ‘என் பெயர் பலவிதமாக எழுதப்படும்’ என்று பொதுவாக எழுதிய காகிதத்தால் பயனில்லை.

தென்னாப்பிரிக்கப் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் விவரங்களும் அடங்கிய அன்அப்ரிட்ஜ்ட் வகையே ஏற்கப்படும். 2013 மார்ச் முதல்தான் அது எல்லாப் பிறப்புக்கும் வழக்கமாகத் தரப்படுகிறது. அதற்கு முன் பதிவானவர்கள் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். இந்தியாவில் பிறந்து பதிவே இல்லாத முதியவர்கள், பதிவு இல்லை என்ற சான்றை உரிய பதிவாளரிடம் பெற்று, பள்ளிச் சான்றிதழ் போன்ற பழைய ஆவணங்களையும் உறவினரின் பிரமாணத்தையும் இணைக்க வேண்டும். தமிழில் மட்டும் இருக்கும் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் கையெழுத்திட்ட உறுதிமொழியும் தேவை.

தாலியும் பதிவும்

1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடவாத இந்தியத் திருமணங்களின் சட்டத் தகுதியையே கேள்விக்குள்ளாக்கியது. அதை எதிர்த்தும், ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர்கள்மீது விதிக்கப்பட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்தும் சிறை சென்றவர்களில் ஒருவர்தான் நாம் எல்லோரும் பெயரறிந்த தில்லையாடி வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சிறையில் நோயுற்று, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தார். அந்தப் போராட்டத்தின் பயனாக வந்த 1914 ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1961 ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமும் நம்முடைய குருக்கள்கூட அரசு அனுமதி பெற்ற திருமண அலுவலராகலாம் என்று வழி செய்தன. ஆனாலும் அனுமதி இல்லாத பெரியவர் ஒருவர் முன்னிலையில் தாலி கட்டி, ஊரைக் கூட்டிச் சோறு போட்டு, பதிவேட்டில் ஒரு வரியும் எழுதாமலே ஐம்பது ஆண்டுகள் குடித்தனம் நடத்திய தம்பதிகள் நம்மில் ஏராளம். அமெரிக்கச் சட்டம், திருமணம் நடந்த இடத்தின் சட்டப்படி அது செல்லுமா என்று பார்க்கிறது. எனவே அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அதன் கண்ணுக்கு இவர்கள் தம்பதிகள் அல்லர்.

இதன் விளைவு வகைக்கு வகை வேறுபடும். தாய்க்காகப் பிள்ளை மனுச் செய்தால், தாயின் பெயருள்ள பிறப்புச் சான்றிதழே உறவை நிறுவிவிடும். தந்தைக்காகச் செய்தால் பெற்றோரின் திருமணச் சான்றிதழும் கேட்பார்கள். அது இல்லாவிட்டால், பிள்ளைக்கு 21 வயது ஆவதற்கு முன்பே தந்தை அதனோடு உறவு பேணி வளர்த்தார் என்பதற்குப் பள்ளிப் பதிவு, ஒரே முகவரி, பழைய புகைப்படம் போன்றவற்றைக் காட்ட வேண்டியிருக்கும். மேலும், தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனி மனுக்கள் தேவை. ஒருவருடைய மனுவில் மற்றவர் ஒட்டிக்கொண்டு வர முடியாது. எஃப்4 வகையில் அப்படி இல்லை. அண்ணனுக்கான மனுவில் அண்ணியும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் சேர்ந்து வரலாம். ஆனால் அண்ணியின் கழுத்தில் இருப்பது தாலி மட்டும்தான், பதிவு இல்லை என்றால், நேர்காணலுக்கு முன்பே ஹோம் அஃபேர்ஸில் பதிவுத் திருமணம் செய்துகொள்ள வேண்டும். அறுபது வயதில் மறுபடியும் மணக்கோலமா என்று கூச்சப்பட்ட ஓர் அக்காவை நானே வற்புறுத்தி அழைத்துப் போயிருக்கிறேன். பதிவுத் திருமணத்தின் தேதியே சட்டப்படியான தேதி. கோயில் திருமணத்தின் தேதியை மறைக்காமல் இரண்டையும் சொல்லிவிடுவதுதான் நல்லது.

திருமணத்தன்று கையால் எழுதித் தரப்படும் சான்றிதழோடு நின்றுவிடாமல், அதற்கும் அன்அப்ரிட்ஜ்ட் சான்றிதழ் வாங்குங்கள். முந்தைய திருமணம் இருந்தால் விவாகரத்துத் தீர்ப்போ இறப்புச் சான்றிதழோ மூலமாக வேண்டும்.

திருமணமாகாத மகன் அல்லது மகள் என்ற வகையில் விண்ணப்பித்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விசா கைக்கு வந்துவிட்டது, கிளம்புவதற்கு முன் பெரியவர்கள் முன்னிலையில் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று நம் வீடுகளில் பேச்சு எழுவது இயல்பு. அமெரிக்க எல்லையில் நுழையும் நொடிவரை திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்பதே அந்த விசாவின் நிபந்தனை. நிச்சயதார்த்தத்தோடு நிறுத்திக்கொண்டு போய்ச் சேருங்கள்.

பெரியம்மா வளர்த்த பிள்ளை, ஆயா வளர்த்த பேரன் ஆகியோரைச் சொந்தப் பிள்ளை என்று எழுதுவதும் நம்மிடம் உள்ள பழக்கமே. 16 வயதுக்கு முன் நீதிமன்றத்தின் வழியாகத் தத்தெடுத்திராவிட்டால் அந்தப் பிள்ளை இந்தச் சட்டத்தின்படி பிள்ளை ஆகாது. அன்பினால் சொன்ன அந்தச் சொல்லே பொய்த் தகவல் என்று பதிவானால், வாழ்நாள் தடைவரை கொண்டுபோய்விடும்.

காவல்துறை, மருத்துவர், ஆதரவாளர்

காவல்துறைச் சான்று 16 வயது நிறைந்த எல்லோருக்கும் தேவை. உள்ளூர்க் காவல் நிலையத்தில் கைரேகை கொடுத்தால் அது பிரிட்டோரியாவுக்குப் போய்ச் சான்றாகத் திரும்பும். பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரையும் விண்ணப்பத்தில் குறிக்க வேண்டும். 16 வயதுக்குப் பிறகு வேறொரு நாட்டில் ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்திருந்தால் அந்த நாட்டின் சான்றும் வேண்டும். இந்தியக் குடிமக்கள் இந்தியத் தூதரகத்தின் வழியாக அதைப் பெறலாம். நிறவெறி ஆட்சியின்போது போராட்டத்தில் கைதான பெரியவர்கள் சிலர், அது குற்றமல்லவே, எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறார்கள். படிவம் கேட்பது, எப்போதாவது கைதானீர்களா என்பது. மன்னிப்பு வழங்கப்பட்டிருந்தாலும் ‘ஆம்’ என்றே எழுத வேண்டும். முற்றிலும் அரசியல் காரணமான குற்றத்துக்கு அமெரிக்கச் சட்டமே விலக்கு அளிக்கிறது. மறைத்ததற்கு அப்படியொரு விலக்கு இல்லை.

மருத்துவப் பரிசோதனையைத் தூதரகப் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும். நம்முடைய குடும்ப மருத்துவரின் சான்று செல்லாது. தென்னாப்பிரிக்காவில் காசநோய் அதிகம் என்பதால் இந்தப் பகுதியை அசட்டையாக விட்டுவிடாதீர்கள். 15 வயது நிறைந்தவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே. 2 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இரத்தப் பரிசோதனை. எக்ஸ்ரேயில் ஐயம் எழுந்தால் சளி மாதிரிகளைக் கல்ச்சர் என்னும் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். அதன் முடிவு வர எட்டு வாரங்கள் ஆகும். ஆகவே எப்போதோ காசநோய் வந்து குணமானவர்கள் பழைய எக்ஸ்ரேயையும் சிகிச்சைப் பதிவையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவுள்ள ‘ரோட் டு ஹெல்த்’ புத்தகத்தைத் தேடி எடுத்துவிட்டால், போட்ட தடுப்பூசியையே மறுபடி போட வேண்டியிராது. சீக்கிரமே செய்துவிடுவோம் என்று அவசரப்படவும் வேண்டாம். மருத்துவ அறிக்கை பெரும்பாலும் ஆறு மாதம்வரைதான் செல்லும். விசாவின் ஆயுளும் அதைத் தாண்டாது.

ஆதரவுப் பிரமாணமான ஐ-864 அமெரிக்காவில் உள்ளவரின் வேலை. அவருடைய வருமானம், வீட்டாரின் எண்ணிக்கைக்கேற்ற வறுமைக்கோட்டில் 125 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது; குறைந்தால் இணை ஆதரவாளர் ஒருவர் கையொப்பமிடலாம். நாம் செய்ய வேண்டியது, அந்தப் படிவத்தின் அண்மைய நகலும் வரி ஆவணமும் நம் கோப்பில் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான்.

நேர்காணல் நாள்

டர்பனிலிருந்து வருபவர்கள் முதல் நாளே வந்து தங்கிவிடுங்கள். ஓ. ஆர். தாம்போ விமான நிலையத்திலிருந்து கௌட்ரெயின் ரயில் நேராக சான்ட்டனுக்கு வருகிறது. கைப்பேசி, ஸ்மார்ட் வாட்ச், மடிக்கணினி எதையும் தூதரகத்துக்குள் விடமாட்டார்கள். வெளியே காத்திருக்கும் உறவினரிடம் கொடுத்துவிட்டோ, விடுதியில் வைத்துவிட்டோ வாருங்கள். திரும்பிப் போக வண்டி பிடிக்கத் தேவையான எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் கைப்பேசி இல்லாதபோது மகனின் எண்ணே நமக்கு நினைவில் இருப்பதில்லை.

கையில் இருக்க வேண்டியவை: நேர்காணல் கடிதம், டிஎஸ்-260 உறுதிப்பக்கம், பாஸ்போர்ட், 5 சென்டிமீட்டர் சதுர அளவில் இரண்டு புகைப்படங்கள், இணையத்தில் ஏற்றிய ஒவ்வோர் ஆவணத்தின் மூலமும் ஒரு நகலும். மூலத்தை மறந்து நகலோடு மட்டும் போவதே நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு; பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. என் மாமியாரின் திருமணச் சான்றிதழை அவர் லேமினேட் செய்யக் கொடுத்து, அதை வாங்கிவர நான் மறந்து, முதல் நாள் மாலை கடை மூடும் நேரத்தில் ஓடியது இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. லேமினேட் செய்யவே வேண்டாம். ஆவணங்களைத் துளையிட்டுக் கட்டாமல், பிறப்பு, திருமணம், காவல்துறை, ஆதரவுப் பிரமாணம் என்று தனித்தனி உறைகளில் வைத்தால், கேட்டதைக் கேட்ட நொடியில் சன்னல் வழியே நீட்டலாம்.

உள்ளே பாதுகாப்புச் சோதனைக்குப் பிறகு, முதல் சன்னலில் ஆவணங்களைச் சரிபார்ப்பார்கள். அடுத்து விரல் ரேகை. கடைசியாக அதிகாரி வலக்கையை உயர்த்தச் சொல்லி, உண்மையே பேசுவேன் என்று சத்தியம் வாங்குவார். உட்கார்ந்து பேசும் அறை ஒன்றை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். வங்கிக் கௌன்டர் போலக் கண்ணாடிக்கு இப்பால் நின்றுகொண்டுதான் பெரும்பாலும் பேச வேண்டும். காது மந்தமானவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் முதியவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால், தேதி கிடைத்தவுடனே தூதரகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அன்று காலையில் போய்ச் சொல்வதில் பயனில்லை.

கேள்விகள் எளியவை. பெற்றோரிடம், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், யார் எங்கே இருக்கிறார்கள், மகள் என்ன வேலை செய்கிறாள், முன்பு அமெரிக்கா போயிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். இந்தக் கடைசிக் கேள்வியில் கவனம் தேவை. மகளின் பிரசவத்துக்குப் போய், அனுமதித்த காலத்துக்கு மேல் 180 நாட்களைத் தாண்டித் தங்கித் திரும்பியிருந்தால் மூன்றாண்டுத் தடையும், ஓராண்டோ அதற்கு மேலோ என்றால் பத்தாண்டுத் தடையும் வரும். போன தேதியும் திரும்பிய தேதியும் தெரிந்திருக்க வேண்டும். தம்பதிகளிடம், எப்படிச் சந்தித்தீர்கள், திருமணத்துக்கு யார் யார் வந்தார்கள், கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். பெண் பார்த்து நடந்த திருமணம் என்றால் அதையே சொல்லுங்கள். காதல் கதை ஒன்றைக் கட்டிவிட்டால்தான் நம்புவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பையன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அந்த மேசையிலேயே தடுத்து நிறுத்தினேன். கேட்டதற்குக் கேட்ட அளவில் பதில் சொல்லுங்கள். நினைவில்லாததை நினைவில்லை என்று சொல்வது குற்றமாகாது.

என் மாமியாரை நான் தயார்ப்படுத்தியது ஒரே ஒரு கேள்விக்குத்தான். அவர் தம் கணவரின் பெயரை வாழ்நாளில் வாய்விட்டுச் சொன்னதில்லை. “பிள்ளைகளோட அப்பா” என்பார். கோயிலில் அர்ச்சனைக்குக்கூட நாங்கள்தான் சொல்வோம். கணவரின் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டு, இவர் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு மௌனமாக நின்றால், அந்த மௌனத்தை அவர் எப்படிப் புரிந்துகொள்வார்? ஒரு வாரம் தினமும் காலையில் காபியோடு சொல்ல வைத்தேன். முதல் நாள் காகிதத்தில் எழுதிக் காட்டினார். நான்காம் நாள் சுவரைப் பார்த்துச் சொன்னார். நேர்காணலன்று சன்னலில் உரக்கச் சொல்லிவிட்டதாகவும், சொன்ன பிறகு கண்ணாடியில் தெரிந்த தம் முகத்தையே பார்க்க வெட்கமாக இருந்ததாகவும் வெளியே வந்து சொன்னார்.

முடிவும் அதற்குப் பிறகும்

முடிவைப் பெரும்பாலும் அப்போதே சொல்லிவிடுவார்கள். ஏற்கப்பட்டால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, விசா ஒட்டிய பிறகு திருப்பித் தருவார்கள். பாஸ்போர்ட்டைக் கையிலேயே கொடுத்து, 221ஜி என்று குறித்த தாள் ஒன்றையும் தந்தால் மனம் உடைய வேண்டாம். இன்னும் ஏதோ ஓர் ஆவணமோ சரிபார்ப்போ பாக்கி இருக்கிறது என்பதே அதன் பொருள். எது தேவை என்று குறித்திருக்கிறதோ, அதை அந்தத் தாளில் சொல்லியுள்ள முறையிலேயே அனுப்ப வேண்டும். ஓராண்டுக்குள் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் காலாவதியாகி, மறுபடி கட்டணம் கட்டித் தொடங்க வேண்டிவரும். உறவை நிறுவ டிஎன்ஏ பரிசோதனை சொல்லப்பட்டால் தூதரகம் காட்டும் முறையில் மட்டுமே செய்யுங்கள். நாமாக முன்கூட்டி ஒரு ஆய்வகத்தில் செய்துவைத்த முடிவை ஏற்கமாட்டார்கள். விசா கையில் வரும்வரை வேலையை விடுவதும், வீட்டை விற்பதும், திருப்பித் தர முடியாத டிக்கெட் வாங்குவதும் வேண்டாம்.

விசா வந்த பிறகு, பயணத்துக்கு முன் 235 டாலர் குடியேற்றக் கட்டணத்தை இணையத்தில் கட்டுங்கள். நிரந்தர வாசி அட்டை அமெரிக்க முகவரிக்கு அஞ்சலில் வருவது அதைக் கட்டிய பிறகுதான். முத்திரையிட்ட உறை ஏதும் தரப்பட்டால் அதைப் பிரிக்கக் கூடாது. எக்ஸ்ரே குறுந்தகட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பமாகப் போவதானால், முதன்மை விண்ணப்பதாரர் முன்னதாகவோ உடனோ நுழைய வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் அவருக்கு முன்னால் போக முடியாது. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் கணவன் அல்லது மனைவி என்ற வகையில் நுழைபவருக்குக் கிடைப்பது இரண்டாண்டு அட்டைதான். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் நிபந்தனையை நீக்க மனுச் செய்ய வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, பாஸ்போர்ட் வந்த அன்றே, விசாவில் அச்சாகியிருக்கும் பெயர், பிறந்த தேதி, வகை ஆகியவற்றைப் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் பயணத்துக்கு முன்பே தூதரகத்துக்குத் தெரிவித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த பின் அதே பிழை அட்டையிலும் ஏறிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. எங்கள் வீட்டில் அந்த வேலையை மாமியாரே எடுத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சில் முனையால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு, மு-னி-யம்-மா என்று இரண்டு முறை படித்துவிட்டு, “பேபி இல்லை” என்றார்.